குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: பாகம் பார்த்து வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் சொந்தத்தில் யாராவது ஒருவர் எனக்குப் போன் செய்வார்கள். "பையன் காலேஜ் சேர்றான், கம்ப்யூட்டர் வாங்கணும், ரொம்ப செலவாகக் கூடாது." நான் கடைக்காரன் இல்லை, கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவன். ஆனால் பல வருடங்களாகச் சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று ஸ்க்ரூடிரைவரோடு போய் வந்து பழகிவிட்டது. ஒரே பதிலைப் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கடைசியில் எழுதி வைத்தேன். படிப்பு, ஆபீஸ் வேலை, கொஞ்சம் புரோகிராமிங், யூடியூப், எப்போதாவது ஒரு கேம் என்று இருக்கும் வீட்டுக்கான மெஷின் பற்றித்தான் இங்கே பேச்சு. வீடியோ எடிட்டிங்கைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு இது போதாது.

அசெம்பிள் செய்தால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா? லேப்டாப் வாங்கிவிட்டால் என்ன?

ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை என்றால் லேப்டாப்தான், யோசிக்கவே வேண்டாம். வீட்டிலேயே இருந்து படிப்பவர் என்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப் வேகமாகவும் இருக்கும், கண்ணுக்குப் பெரிய திரையும் கிடைக்கும்.

மிச்சம் முதல் நாளில் தெரியாது. மூன்றாவது வருடம் ரேம் போதவில்லை என்றால் ஒரு ரேம் மட்டும் வாங்குவீர்கள். ஐந்தாவது வருடம் எஸ்எம்பிஎஸ் (கரண்டை எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) போனால் அதை மட்டும் மாற்றுவீர்கள். விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருக்கிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. இன்று வாங்கிய எதையும் நாளைக்குத் தூக்கிப் போடாமல் மேலே மேலே சேர்த்துக்கொண்டு போக முடிகிறதா என்பதுதான் என் கணக்கு. கீழே நான் சொல்கிற எல்லாமே அந்தக் கணக்கில் சொல்வதுதான்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

கிராபிக்ஸ் கார்டு தனியாக வேண்டுமா, வேண்டாமா என்பதை. பையனைக் கேட்டால் வேண்டும் என்பான். பெரும்பாலான வீடுகளில் முதல் வருடம் வேண்டாம். வேண்டாம் என்று முடிவெடுத்தால் உள்ளேயே கிராபிக்ஸ் வைத்த பிராசசராகப் பார்த்து வாங்க வேண்டும். பிராசசர் முடிவானால் அதற்கேற்ற மதர்போர்டு, மதர்போர்டு முடிவானால் அதற்கேற்ற ரேம் என்று வரிசையாக அமைந்துவிடும். வெளிப்பெட்டியான கேபினெட்டில் இருந்து ஆரம்பிப்பவர்கள்தான் காசை விடுகிறார்கள்.

சரி, எந்த பிராசசர்?

இரண்டு பெயர்கள் போதும். ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி. இன்டெல்லில் கோர் ஐ3 12100.

5600ஜி 2021-இல் வந்தது. ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் மூளை), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை), மின்சாரக் கணக்கில் 65 வாட். உள்ளே இருக்கிற வேகா கிராபிக்ஸில் சாதாரண கேம்களைக் குறைந்த செட்டிங்கில் ஆடலாம். அதையே கொஞ்சம் வேகம் கூட்டி 5600ஜிடி என்ற பெயரில் 2024-இல் விட்டார்கள். எது விலை குறைவோ அதை எடுங்கள். ஐ3 12100 வந்தது 2022-இல். நான்கு கோர், எட்டு த்ரெட். எண்ணிக்கையில் குறைவாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு கோரும் வேகம், பிரவுசர், எக்செல் வேலைகளில் குறையே தெரியாது. இதன் உள்கிராபிக்ஸ் மட்டும் ஏஎம்டியைவிட இளைத்தது. கேம் ஆசை கொஞ்சமாவது இருந்தால் 5600ஜி, சுத்தமாக இல்லையென்றால் ஐ3.

கடையில் ஏமாறுவது பெயரின் கடைசி எழுத்தில்தான். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் உள்கிராபிக்ஸ் கிடையாது. 12100 என்று கேட்டு 12100எஃப் வாங்கி வந்து, மானிட்டரில் படமே வரவில்லை என்று எனக்குப் போன் செய்தவர் என் சொந்த மைத்துனர். ஏஎம்டியின் இந்தப் பழைய வரிசையில் இது தலைகீழ்: 'ஜி' இருந்தால்தான் உள்கிராபிக்ஸ் உண்டு. 5600, 5500 இரண்டிலும் கிடையாது. விலை சில நூறு குறைகிறதே என்று அவற்றை எடுத்தால், சில ஆயிரம் போட்டு கார்டு வாங்க வேண்டியிருக்கும்.

டப்பாவோடு வரும் பிராசசருக்கு மூன்று வருட கம்பெனி வாரண்டி உண்டு. மேலே சொன்ன இரண்டுக்கும் கூலரும் உள்ளேயே இருக்கும். 'ட்ரே' என்று சொல்லிச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் தருவதற்குக் கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. கூலரும் தனியாக வாங்க வேண்டும்.

ஏஎம்டியின் புதிய சாக்கெட் ஏஎம்5 வேண்டாமா?

காசு இருந்தால் அதுதான் நல்லது. 2022-இல் வந்த அந்த சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) 2027-க்கு அப்புறமும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம் மட்டும்தான் பொருந்தும், மதர்போர்டும் விலை கூடுதல். என் 'மேலே சேர்த்துக்கொண்டு போவது' என்ற கணக்குக்கு ஏஎம்5 சரியாகப் பொருந்தும்தான். ஆனால் நாளைய வசதிக்காக இன்றைக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலும் எஸ்எஸ்டியிலும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சிப் டிஸ்க்) காசைக் குறைக்க வேண்டி வந்தால், 5600ஜி உட்காருகிற பழைய ஏஎம்4-ஏ போதும். அதிலும் உள்கிராபிக்ஸோடு எட்டுக் கோர் வரை பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

"கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, மானிட்டரோடு வெறும் பதினைந்தாயிரம்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

எனக்கும் வந்தது. அதில் எந்தத் தலைமுறை ஐ7 என்று மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். கேளுங்கள். ஐ7 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்த சிப். ஐ5 3470 என்றால் மூன்றாம் தலைமுறை. நான்கு இலக்கம் இருந்தால் முதல் எண்தான் தலைமுறை. 12400, 10100 போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு. எங்கோ ஆபீஸில் பத்து வருடம் ஓடிய பிராசசரைக் கழற்றி, பெயர் தெரியாத புது போர்டில் உட்கார வைத்து, பளபளக்கும் கேபினெட்டில் போட்டால் அது புது மெஷின் ஆகிவிடுகிறது. ஐ7 என்ற பெயருக்கு அவ்வளவு மவுசு! 2022-இன் ஐ3, 2011-இன் ஐ7-ஐ எல்லா வேலையிலும் ஓரங்கட்டிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏற்றலாம்தான், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

மதர்போர்டில் மிச்சம் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஓரளவுக்கு. 5600ஜி-க்கு ஏ520 அல்லது பி450 சிப்செட் போர்டு, ஐ3-க்கு எச்610 போர்டு போதும். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற ஓவர்கிளாக் எல்லாம் நமக்கு எதற்கு?

வாங்கும் முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியை போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை ஏற்குமா என்பது ஒன்று. எச்610 போர்டாக இருந்தால் அது டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்பது இன்னொன்று. ஒரே பெயரில் இரண்டும் விற்கிறார்கள், ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது. மூன்றாவது, உங்கள் மானிட்டருக்கு ஏற்ற எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ வாய். ரேம் ஸ்லாட் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பி450 போல வருடக்கணக்காகக் கடையில் கிடந்த போர்டு என்றால் அதன் பயாஸ் (போர்டுக்குள் இருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள்) பழையதாக இருந்து 5600ஜி-ஐ அடையாளம் தெரியாமல் விழிக்கும். ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பயாஸ் அப்டேட் செய்துதான் தருகிறீர்களா என்று கேட்டு, முடிந்தால் கடையிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் வைஃபை இருக்காது. ரவுட்டர் அதே அறையில் இருந்தால் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் சின்ன அடாப்டர் போதும், 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் வகையாகப் பாருங்கள்.

ரேம் 8 ஜிபி போதுமா, 16 வேண்டுமா?

போன வருடம் வரை "16, பேசாமல் வாங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2025 கடைசியில் ரேம் விலை கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போக, நம் வீட்டுக்கு வருவது சுருங்கிப்போனது. சில்லறைக் கடைகளில் எங்கும் கிடைத்த குரூசியல் பிராண்டை மூடப்போவதாக மைக்ரான் நிறுவனமே 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் நான் இங்கே விலை எதுவும் போடவில்லை. இன்றைக்கு எழுதினால் அடுத்த வாரம் பொய்யாகிவிடும்.

அப்புறம் என்ன செய்வது? உள்கிராபிக்ஸ் உள்ள மெஷினுக்கு ஒரே 16 ஜிபி ரேம் குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் நல்லது. தனி மெமரி இல்லாத கிராபிக்ஸ், ரேமில் இருந்துதான் கடன் வாங்குகிறது. டிடிஆர்4 3200 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு சேர்ந்தால் 51.2 ஜிபி. ஒற்றையடிப் பாதை இருவழிச் சாலை ஆகிற மாதிரி. கேம் ஓடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டுக்கும் காசு இல்லையென்றால் ஒரு 8 ஜிபி வாங்கி ஓட்டுங்கள், விலை இறங்கும்போது அதே வகையில் இன்னொன்று. நான்கு நான்காக இரண்டு வாங்கினால் இரண்டு ஸ்லாட்டும் அடைபட்டுவிடும், பிறகு கூட்டும்போது இரண்டையும் கழற்றி எறிய வேண்டும். அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

பழைய ரேம் வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். செகண்ட் ஹேண்டில் நான் தைரியமாக வாங்குகிற ஒரே பாகம் ரேம். தேய்மானம் என்று ஒன்றும் கிடையாது. மெம்டெஸ்ட் என்ற இலவசப் புரோகிராமை ஒரு ராத்திரி ஓடவிட்டால் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடும். லேப்டாப் ரேம் நீளம் குறைவு, டெஸ்க்டாப்பில் பொருந்தாது. இதையும் கேட்டிருக்கிறார்கள்.

எஸ்எஸ்டி கட்டாயமா? பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினால் நிறைய இடம் கிடைக்குமே?

கட்டாயம். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11-ஐப் போட்டுக் கொடுப்பது ஒரு பாவம். விண்டோஸ் எழுந்திருப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம்.

கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். என்விஎம்இ, பழைய பிசிஐஇ 3.0 (பாகங்கள் மதர்போர்டோடு பேசும் வழி) வகையிலேயே 3,500 வரை போகும். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், வேர்டு திறப்பதிலும் பிரவுசர் திறப்பதிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் விலை கிட்டத்தட்ட ஒன்றே, கேபிளும் மிச்சம் என்பதால் எம்.2 என்விஎம்இ எடுத்துவிடுங்கள். 500 ஜிபி போதும். பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டி, படமும் பாட்டும் அதில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்விப்படாத பெயரில் பாதி விலைக்கு 2 டிபி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் வந்தால் பக்கத்தில் போகாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவாகக் காட்டும்படி ஏமாற்றியது நிறைய உலவுகிறது. புதியது என்று வாங்கிய எதையும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புது எஸ்எஸ்டி நாலாயிரம் மணி நேரம் ஓடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கேபினெட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாகத் தருகிறார்கள். தனியாக ஏன் வாங்க வேண்டும்?

நான் என் முதல் கம்ப்யூட்டரை அப்படித்தான் வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். எட்டாவது மாதம், ஒரு மழைச் சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது 'பட்' என்று ஒரு சத்தம், அப்புறம் எரிந்த வாசனை. எஸ்எம்பிஎஸ் போனது பெரிதில்லை. போகிற போக்கில் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது. அதில்தான் தங்கச்சி மகளின் காதுகுத்துப் படங்கள் இருந்தன. இருபது வருட உறவில் தங்கச்சி என்னோடு பேசாமல் இருந்த ஒரே மாதம் அது.

கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பெட்டியின் மேல் 450 என்று கொட்டை எழுத்து. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 15 ஆம்பியர். பன்னிரண்டையும் பதினைந்தையும் பெருக்கினால் 180 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் 12 வோல்ட்டில் இருந்துதான் எடுக்கின்றன. அந்தக் கணக்குதான் உண்மையான கணக்கு. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தப் பெருக்கல் 400-ஐத் தாண்டி நிற்கும். கடையில் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்துப் பெருக்கிப் பாருங்கள், கடைக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

'80 பிளஸ்' முத்திரை இருந்தால் நல்லது. வாங்குகிற கரண்டில் ஐந்தில் நான்கு பங்காவது வேலைக்குப் போய்ச் சேருகிறது, மிச்சம்தான் சூடாக வீணாகிறது என்று சோதித்துக் கொடுத்த முத்திரை அது. முத்திரை இருப்பதால் மட்டும் தரமானது என்று சொல்லிவிட முடியாது; வாரண்டி எத்தனை வருடம் என்பதையும் பாருங்கள். தன் பொருள் மேல் நம்பிக்கை இருப்பவன் மூன்று வருடமாவது தருவான். கோர்சேர் சிவி450, டீப்கூல் பிகே450டி இரண்டையும் நான் உறவினர் வீடுகளில் மாட்டியிருக்கிறேன்.

5600ஜி மெஷின் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தொடாது. அப்புறம் எதற்கு 450 என்றால், நாளைக்குக் கார்டு சேர்க்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் இருக்கத்தான். 650, 750 எல்லாம் இந்த மெஷினுக்கு வீண் செலவு.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டதா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இல்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள், ஒன்று ஃபேஸில் இருந்தும் மற்றொன்று நியூட்ரலில் இருந்தும் உலோகக் கூட்டோடு சேரும்படி வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட்டே 230-இல் பாதி, 115 வோல்ட்டை ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் அந்த நிலையில் டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் செருகினால் வாய் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்யுங்கள். செருப்பு போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்காருவது தீர்வு ஆகாது, எங்கள் பெரியப்பா வருடக்கணக்கில் அப்படித்தான் உட்கார்ந்தார் என்றாலும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றுகிற அடாப்டரையும் தூக்கிப் போடுங்கள்.

யுபிஎஸ் வேண்டுமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே?

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பலர் அதைப் பார்த்ததே இல்லை. அதில் வைத்தால் மாறுகிற நேரம் குறையும், நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் கம்ப்யூட்டர் அணையாது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். விஏ என்பது வாட் அல்ல, 600 விஏ பெட்டி பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள்.

பையன் கிராபிக்ஸ் கார்டு கேட்டுப் பிடிவாதம் பிடிக்கிறான்.

ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்க மாட்டான் என்றால் இரண்டு பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

'தனி கிராபிக்ஸ் கார்டு' என்று கடையில் ஜிடி 710, ஜிடி 730 கொடுப்பார்கள். 5600ஜியின் உள்கிராபிக்ஸ் அதைவிட வேகம், காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட கதையாகிவிடும். இன்னொன்று ஆர்எக்ஸ் 6400, 6500எக்ஸ்டி போன்றவை. இவை பிசிஐஇ 4.0-இல் நான்கே நான்கு தடத்தில் பேசுபவை. 5600ஜியும் ஏ520 போர்டும் 3.0 மட்டும்தான், அதனால் கார்டின் வேகத்தில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும். கார்டு என்று வாங்கினால் ஆர்எக்ஸ் 6600 போல 8 ஜிபி மெமரியும் எட்டுத் தடமும் உள்ளதாக வாங்க வேண்டும், அதற்குக் காசு சேர்கிற வரை காத்திருக்கலாம்.

கார்டு மாட்டிய பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. கார்டு வாங்கி இரண்டு மாதம் உள்கிராபிக்ஸிலேயே ஆடிவிட்டு "ஒண்ணும் பெருசா மாறலையே" என்றவரை எனக்குத் தெரியும்.

கேபினெட்?

முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலையாக இருக்கட்டும், ஒரு ஃபேனாவது முன்னால் இருக்கட்டும். சென்னை வெயிலுக்கு அது போதும். கலர் லைட் உங்கள் இஷ்டம்.

மானிட்டர் எவ்வளவு பெரிது?

22 அல்லது 24 அங்குலம், 1920-க்கு 1080 புள்ளிகள், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல். எச்டிஎம்ஐ வாய் இருக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கட்சி. பிராசசர் ஐந்து வருடத்தில் பழசாகும், நல்ல மானிட்டர் அடுத்த கம்ப்யூட்டருக்கும் வரும். பிள்ளையின் கண்ணோ எப்போதைக்கும் அதே கண்.

ஆபீஸில் ஓடிய பிராண்டட் மெஷின், ரீஃபர்பிஷ்ட் என்று விற்கிறார்களே?

இப்போது ரேம் விற்கிற விலைக்கு இது நல்ல யோசனைதான். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள். எட்டாம் தலைமுறை ஐ5 8500 கிடைத்தால் ஆறு கோர், விண்டோஸ் 11 ஓடும். உள்ளே இருக்கிற ரேமுக்கே பாதி விலை சரியாகிவிடும். ஆனால் இவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டு இணைப்பும் அந்தந்த கம்பெனியின் சொந்த அளவு, நம் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஒல்லியான பெட்டி என்றால் சாதாரண கிராபிக்ஸ் கார்டும் நுழையாது. அப்படியே வாங்கி, அப்படியே ஓட்டி முடிப்பவர்களுக்குத்தான் இது. எஸ்எஸ்டியை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவா, ஆன்லைனா?

இரண்டும்தான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்து போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். போகும் முன் ஆன்லைன் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கடையில் வாங்காமல் நாலு கடை ஏறி இறங்கினால் அன்றைய விலை தெரிந்துவிடும்.

"பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தரேன் சார்" என்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும். ஆனால் வாரண்டி கேட்டுப் போனால் முதலில் கேட்பது பில்தான். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள். பில் காகிதத்தில் எழுத்து ஆறு மாதத்தில் மறைந்துவிடும்.

நானே மாட்டலாமா?

மாட்டலாம். ஒரு மதியம் போதும். பாகங்கள் ஒன்றில் ஒன்று தப்பாக நுழையாதபடிதான் வடிவமைத்திருக்கிறார்கள். பிராசசரை மட்டும் மூலையில் இருக்கிற முக்கோணக் குறியைப் பார்த்து, அழுத்தாமல் வைக்க வேண்டும். டப்பாவில் வரும் கூலரின் அடியில் பேஸ்ட் தடவியே வரும், விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். மதர்போர்டின் பின்வாய்களுக்கான தகட்டைக் கேபினெட்டில் முதலிலேயே பொருத்திவிடுங்கள். கடைசியில் ஞாபகம் வந்து எல்லாவற்றையும் கழற்றியவர்கள் வரிசையில் நானும் உண்டு.

பின்னாளில் ஏஎம்4 கூலரைக் கழற்றும்போது கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, லேசாகத் திருகிவிட்டு எடுங்கள். காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்துக்கொண்டு பிராசசரையும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும். இதில் பின்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன, வளைந்தால் அழுகைதான்.

எல்லாம் மாட்டியாயிற்று, திரையில் ஒன்றும் வரவில்லை!

பதற வேண்டாம். பத்தில் பாதி தடவை ரேம் சரியாக உட்காரவில்லை, 'டிக்' என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள். அடுத்து பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கிற நான்கு அல்லது எட்டுப் பின் மின் இணைப்பைப் பாருங்கள், பெரிய 24 பின்னைச் செருகிவிட்டு இதை மறப்பது சகஜம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மானிட்டர் எந்த வாயில் இருந்து படம் எடுக்கிறது என்று அதன் மெனுவில் பாருங்கள்.

படம் வந்த பிறகு ஒருமுறை பயாஸுக்குள் போய் ரேம் வேகம் 3200 காட்டுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யுங்கள். காசு கொடுத்து வாங்கிய வேகம், பலர் வீட்டில் வருடக்கணக்கில் தூங்குகிறது.

விண்டோஸுக்கும் காசா?

ஆமாம், அசல் லைசென்ஸ் வேண்டுமென்றால். கடைக்காரர் 'போட்டுத் தருகிற' விண்டோஸில் கிராக் என்ற பெயரில் என்னென்ன கூட வருகிறது என்று சொல்ல முடியாது. நெட் பேங்கிங் செய்கிற மெஷினில் அது வேண்டாம். புரோகிராமிங் படிக்கிற பிள்ளைக்கு உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தால் காசும் மிச்சம், படிப்புக்கும் ஆகும். தமிழ்99 விசைப்பலகை அதிலும் வேலை செய்யும். டேலி போன்ற கணக்கு மென்பொருள் ஓட வேண்டிய வீட்டில் மட்டும் விண்டோஸைத் தவிர வேறு வழியில்லை, என் வீட்டில் அதுதான் நிலைமை.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. அதில் எது உதவும்?

கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், மானிட்டர் தாராளமாக. விஜிஏ மட்டும் உள்ள மானிட்டர் என்றால் விஜிஏ வாய் உள்ள மதர்போர்டாகப் பார்த்து வாங்கினால் முடிந்தது. கேபினெட்டும் ஆகும், உள்ளே தூசியை ஊதி ஒரு புது ஃபேன் போட்டால். ஹார்ட் டிஸ்க்கை முதலில் சோதித்துவிட்டு மாட்டுங்கள், காதுகுத்துப் படங்களை இன்னொரு இடத்திலும் எடுத்து வைத்த பிறகு. டிடிஆர்3 ரேம் எதற்கும் ஆகாது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் புதியதில் மாட்டாதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.